இரண்டாவது கம்பி

அத்தியாயம் 6

தோல் மண்டியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு என்பான் அங்கே கையாளாக இருக்கும் பொன்னழகு. பச்சைத் தோலின் நாற்றத்தைத் தாண்டி, செங்குத்தாக நிற்கும் மரப்படியில் ஏறி ஒருவர் மேலே வந்து சேர்ந்துவிட்டால், அவருக்கு உண்மையிலேயே வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பேகம்பூர் முனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அன்று மதியம் அப்படி வந்து சேர்ந்தவள் கருப்பம்மாள். கையில் தூக்குவாளி இருந்தது. அதில் புருஷனுக்குக் கொண்டுபோன சோறு கைபடாமல் அப்படியே இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அடைத்து வைத்திருக்கும் வேலுசாமி வாயைத் திறக்க மறுக்கிறான், பேசவும் மாட்டேன் என்கிறான், தின்னவும் மாட்டேன் என்கிறான் என்றாள். மறுநாள் காலையில் அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

துப்பறிவாளர் அப்துல் கையூம் காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஐப்பசி மாதம். மேற்கே மலை கண்ணுக்குத் தெரியாமல் கறுத்துக் கிடந்தது. மழை வரும் வரும் என்று மிரட்டிக்கொண்டே வராமல் இருக்கும் நாட்களில் அவருக்குக் கால் தரையில் பாவாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே, சொல்லம்மா என்றார்.

அவள் சொன்னது இதுதான். மலையடிவாரத்தில் இருக்கும் வேலாம்பாறை அணையில் வேலுசாமிக்கு டெலிபோன் காவல் வேலை. அணையிலிருந்து திண்டுக்கல் டவுனில் இருக்கும் வெள்ளத் தகவல் அலுவலகத்துக்கு இரண்டு லைன் போகிறது. ஒன்று ரோட்டோரமாக வருவது, பழையது. இன்னொன்று ஆற்றோரமாக வருவது, போன வருஷம் புதிதாகப் போட்டது. ஒன்று அறுந்தால் மற்றது பேச வேண்டும், அதற்காகத்தான் இரண்டு. அணையில் மதகைத் திறக்குமுன் வேலுசாமி டவுனுக்குச் சொல்ல வேண்டும். டவுனிலிருந்து ஆள் போய், எரியோடு ஊருக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் பள்ளக்குடிச் சனங்களை மேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

போன அமாவாசை மழையில் மதகு திறந்தார்கள். டவுனுக்குத் தகவல் வரவில்லை. பள்ளக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. ஆடு மாடு போனது. முத்துப்பேச்சி என்ற பெண்ணும் போனாள். அவள் வேறு யாருமில்லை, கருப்பம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் கண்ணுசாமியின் மனைவி.

ரோட்டு லைன் மேல் மரம் விழுந்து கிடந்தது உண்மை, அதை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் ஆற்று லைனில் யாரும் கை வைக்கவில்லை. மறுநாள் ரோட்டு லைனைச் சரி செய்துவிட்டு இன்ஜினியர் இரண்டையும் சோதித்தார், இரண்டும் கணீரென்று பேசின. அப்புறம் என்ன, காவல்காரன் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று எழுதிவிட்டார்கள்.

"குடிக்கிற மனுசன் இல்லய்யா அவரு," என்றாள் கருப்பம்மாள். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ரெண்டு போன் பெட்டியையும் மாத்தி மாத்திச் சுத்துனாரு. ஒருத்தரும் எடுக்கல. இப்ப எங்கண்ணன் என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குது. உன் புருசன் தூங்கித்தான் என் பொண்டாட்டி செத்தாங்குது."

பொன்னழகு தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவனுக்கு எதற்கும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். ஆனால் அழுகிற பொம்பளையிடம் அதைக் காட்டும் அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை.

அணையில் அந்த டெலிபோன் அறையிலேதான் குடியிருக்கிறீர்களா என்று கையூம் கேட்டார். ஆமாம், அறையின் பின்கட்டிலேதான் என்றாள். அங்கே வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று விடாமல் கேட்டார்.

அவள் யோசித்தாள். "தொந்தரவுன்னா, மணிச் சத்தந்தான். டவுன்ல இருந்து எந்த லைன்ல கூப்பிட்டாலும் ரெண்டு மணியும் சேந்தே அடிக்கும். கைப்பிள்ள திடுக்குனு முழிச்சுக்கிரும்."

கையூம் நின்றுவிட்டார்.

"எப்ப இருந்தும்மா அப்படி?"

"புதுசு போட்ட அன்னையில இருந்தே அப்படித்தான். ரெட்டை லைன்னா ரெண்டும் சேந்துதான் அடிக்கும்போலன்னு இருந்துட்டோம்."

கையூம் செருப்பை மாட்டிக்கொண்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலிலேயே போய் உட்காரும்படி அவளிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஏதாவது தகவல் வரும் என்றார். எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னார் என்று பொன்னழகுக்குப் புரியவில்லை. படியிறங்கும்போது கேட்டான்.

"பாய், மணி சேந்து அடிச்சதுக்குப் போய் இம்புட்டு வேகமா? எங்க வீட்டுல எங்கம்மாவும் அத்தையும் சேந்துதான் அடிப்பாக. அதுக்கெல்லாம் நீங்க வந்ததில்லையே."

"ஏலே, வாய மூடிக்கிட்டு வா," என்றார் கையூம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெள்ளத் தகவல் அலுவலகம் ஒரு பழைய ஓட்டு வீடு. உள்ளே சுவரில் ஒரு பலகை. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் தகட்டு மூடிகள். அணையிலிருந்து கூப்பிட்டால் மூடி கீழே விழும், மணி அடிக்கும். பலகை முன்னால் மெஹராஜ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன இரவிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். கண் மூடவில்லை, இரண்டு மூடியில் ஒன்றுகூட விழவில்லை என்று போலீஸில் சொன்னது அவள்தான். அது உண்மை, உண்மையைத்தான் சொன்னேன் என்றாள். தன் வாயால் ஒருவன் ஜெயிலுக்குப் போகிறானே என்ற உறுத்தல் அவளுக்கு இருந்தது.

அணையிலிருந்து கூப்பிட்டால் எத்தனை மூடி விழும் என்று கையூம் கேட்டார். இரண்டும் விழும் என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல. திறப்பு விழா அன்றைக்கே அப்படித்தானாம். பந்தல் போட்டு, மாலை மரியாதையெல்லாம் செய்து, வந்திருந்த பெரிய மனிதர் கைப்பிடியைச் சுற்றினாராம். இரண்டு மணியும் ஒன்றாக அடித்தவுடன் கூட்டமே கை தட்டியதாம். ஒன்றுக்கு இரண்டாக அடிக்கிறது பார், எவ்வளவு பலமான ஏற்பாடு என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

உள்ளறையிலிருந்து இன்ஜினியர் ராமர் வந்தார். நல்ல மனுஷன், ஆனால் தன் வேலையில் யாரும் மூக்கை நுழைத்தால் பிடிக்காது. காண்டிராக்டரிடமிருந்து ஆற்று லைனைத் தான் சோதிக்காமல் வாங்கிவிடவில்லை என்றார். அணை அறையிலேயே ரோட்டுக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, ஆற்று லைனில் டவுனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பிறகு இதைக் கழற்றிவிட்டு அதில் பேசியிருக்கிறார். இரண்டும் தனித்தனியே பேசியதைத் தன் காதால் கேட்டவர். இரண்டு மணியும் சேர்ந்து அடிப்பது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் பக்கத்தில் கம்பி ஓடினால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கசியும் என்றார்.

"ஒண்ணு ரோட்டோரம், ஒண்ணு ஆத்தோரம். நடுவுல ஒரு கரட்டு மலையே நிக்குது சார்," என்றார் கையூம்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை நேரத்தில் தனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, அணையில் நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் மதகு திறக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆற்று லைனைப் போட்டுக் கொடுத்த காண்டிராக்டர் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர். குரலே உயராது. வாங்க பாய், ஆயக்குடிக் கொய்யாவுங்க, ஒரு துண்டு எடுத்துக்கோங்க என்று தட்டை நீட்டினார். பொன்னழகு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய கொய்யா கொடுக்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார் என்பது அவன் கட்சி.

ஆற்று லைனை ஒரு நடை பார்க்க வேண்டும் என்று கையூம் சொன்னதும், நாச்சிமுத்து தன் ஜீப்பிலேயே கூட்டிப் போவதாகச் சொன்னார். சாவியைக்கூட உடனே கையில் எடுத்துக்கொண்டார்.

ஜீப்பின் பின்பக்கம் ஏறிய பொன்னழகுக்கு உட்கார இடமில்லை. வடக்கயிறு, ஒரு ஏணி, கிளை கழிக்கிற நீளத் தொரட்டி. எல்லாவற்றின் மேலும் ஈரப் புளிய இலை ஒட்டிக் கிடந்தது.

"என்னண்ணே, ஆடு வளக்குறீகளா?"

"அட இல்லீங்க தம்பி. ரோட்டோரம் ஒரு கெளை கம்பியில ஒரசிக்கிட்டு இருந்துச்சுங்க. காத்தால போய்க் கழிச்சு விட்டேனுங்க."

கையூம் முன் இருக்கையில் மலையைப் பார்த்தபடி வந்தார். கேட்டாரா இல்லையா என்று பொன்னழகுக்குத் தெரியவில்லை.

ஆற்றோரம் கம்பங்கள் வரிசையாக நின்றன. புதுக் கம்பங்கள், வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், குமிழுக்குக் குமிழ் விறைப்பாக இழுத்த கம்பி. குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்தரித் தோட்டம், வெங்காயக் காடு, பூந்தோட்டம் எல்லாம் தாண்டி, தோளில் பாறை துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு கரட்டடியில் வண்டிப்பாதை முடிந்தது. கம்பி அந்தக் கரட்டின் தோள் மேலேறி அந்தப் பக்கம் மறைந்தது. கரட்டைச் சுற்றிப் போகிற ஒற்றையடிப்பாதையில் காட்டோடை இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இதுக்கு மேல இன்னைக்குப் போக முடியாதுங்க, தண்ணி வடிஞ்ச பொறவு நானே கூட்டிட்டுப் போறேனுங்க என்றார் நாச்சிமுத்து. அவர் சொன்னதில் பொய் இல்லை, அந்தத் தண்ணீரில் யானையே நிற்காது.

பொன்னழகு ஒதுங்குவதற்காகக் கரட்டின் மேல் கொஞ்ச தூரம் ஏறினான். கண்ணுக்குத் தெரிந்த கடைசிக் கம்பத்தைத் தாண்டியதும் உடைமர முள்ளுக்காடு தொடங்கியது. நாலடி வைப்பதற்குள் சட்டை முதுகில் டர்ரென்று கிழிந்தது. தீபாவளிக்கு எடுத்த சட்டை. முள்ளைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

"உள்ள காலு வைக்க ஏலல பாய். ஆதியில இருந்து ஒருத்தனும் அருவா போடாத காடு," என்றான்.

கையூம் அவன் முதுகுக் கிழிசலைத் தடவிப் பார்த்தார். சட்டைக்கு வருத்தப்படுகிறார் என்று பொன்னழகு நினைத்தான். போகலாம், டவுனுக்கே விடுங்கள் என்றார் நாச்சிமுத்துவிடம்.

திரும்பும் வழியில் ரோட்டோர டீக்கடையில் நாச்சிமுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். முதல் தூறல் விழுந்தது. கையூம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பொன்னழகிடம் கேட்டார்.

"அப்பு, கம்பம் நட்டுக் கம்பி இழுக்கணும்னா மொதல்ல என்ன செய்யணும்?"

"வழிய வெட்டணும். ஆளு போகணும், கம்பம் போகணும்ல."

"முள்ள வெட்டாம இழுக்க முடியுமா?"

"கொக்கு தூக்கிட்டுப் போய்க் கட்டுனா முடியும்."

"தொரட்டியில ஒட்டியிருந்தது என்ன எல?"

"புளிய எல."

"ஆத்தோரம் புளியமரம் பாத்தியா?"

பொன்னழகு யோசித்தான். ஒன்றுகூடப் பார்க்கவில்லை. புளியமரமெல்லாம் ரோட்டோரந்தான். பழைய லைன் போகிற ரோடு.

"அவரு போட்டது ஆத்து லைன்," என்றார் கையூம் மெதுவாக. "மழைக்காலத்துல ஏணியும் தொரட்டியுமா அவரு காவல் காக்குறது ரோட்டு லைன."

அதற்குள் நாச்சிமுத்து வந்துவிட்டார். பொன்னழகுக்குப் பாதிதான் புரிந்தது. அந்த முள்ளுக்காட்டுக்குள் ஆற்றுக் கம்பி போகவே இல்லை. ஆனால் காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? ஒரு கிழிந்த சட்டை. ஓடை வடிய இரண்டு நாளாவது ஆகும், வேலுசாமிக்கு நாளைக் காலையில் கோர்ட். இந்தப் பயணத்துக்குப் பிறகு நாச்சிமுத்து சும்மா இருப்பாரா? தண்ணீர் வடிந்த மறுநிமிஷம் ஆள் விட்டு முள்ளை வெட்டிக் கம்பியை இழுத்துவிட்டால், அப்புறம் உலகமே வந்து பார்த்தாலும் இரண்டு லைன்தான்.

அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இன்ஜினியர் அறையில் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் இருந்தார், வேலுசாமி சம்பந்தமாக ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்தார். நாச்சிமுத்து வழக்கம்போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீ வந்தது. கையூம் நனைந்த தொப்பியை உதறிவிட்டு, ரொம்பப் பணிவாக ஆரம்பித்தார்.

ஆற்று லைனைப் பார்த்தாயிற்று, அருமையான வேலை என்றார். தனக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்தது என்றார். ஒரே ஒரு சின்ன உதவி வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் அந்தக் காவல்காரனின் வக்கீல் எதையாவது கிளப்புவான். அவன் வாயை அடைக்க இப்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். இங்கேயும் அணையிலும் ஒன்றும் தொட வேண்டாம். நடுவழியில், பாலத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், ரோட்டுக் கம்பியைக் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டால் போதும். அப்போதும் ஆற்று லைனில் அணை பேசினால் கேஸ் முடிந்தது.

"தாராளமாச் செய்யுங்க," என்றார் இன்ஜினியர். "அதான் இன்னொரு லைன் இருக்கே."

"பொன்னழகு, குறடு எடுத்துக்க. சைக்கிள்ல போனா செத்த நேரத்துல போயிரலாம். கம்பத்துல ஏறி அவுத்து விட்டுரு."

பொன்னழகு ஆயுளில் தென்னையில்கூட ஏறியதில்லை. ஆனால் பாய் கண்ணை ஒரு தரம் சிமிட்டியதைப் பார்த்தான். சரிங்க பாய் என்று எழுந்தான்.

நாச்சிமுத்து டீயைக் கீழே வைத்தார். மழையில எதுக்குங்க, தம்பி வழுக்கி விழுந்துரும் என்றார். பார்த்து ஏறுவான் என்றார் கையூம். நாளைக்குக் காலையில செய்யலாமுங்களே என்றார். காலையில் கோர்ட் என்றார் கையூம். இன்னைக்கு மதகு தொறக்கப் போறாங்களேங்க என்றார். அதனால் என்ன, ஆற்று லைன் இருக்கிறதே என்று இன்ஜினியரே எடுத்துக்கொடுத்தார். நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பொன்னழகு நிலைப்படியைத் தாண்டும்போது அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நாச்சிமுத்துவின் கை.

"வேண்டாமுங்க தம்பி. அதை அவுத்துட்டா அணை ஊமையாப் போயிருமுங்க."

இன்ஜினியருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு லைன் இருப்பதாக நம்புகிறவன் ஒன்றை அவிழ்ப்பதற்குப் பயப்பட மாட்டான். அந்த அறையில் பயந்தவர் ஒருவர்தான்.

"ரெண்டாவது லைன் எங்க நாச்சிமுத்து?" என்றார் கையூம்.

நாச்சிமுத்து நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். சன்னமான குரலில் ஒவ்வொன்றாக வந்தது. கரடு வரை போட்டது நிஜம். அணைப் பக்கமும் கொஞ்சம் போட்டது நிஜம். நடுவில் அந்த முள்ளுக்காட்டையும் பாறையையும் பார்த்ததும் ஆட்கள் மலைத்துவிட்டார்கள். விழா நாள் நெருங்கிவிட்டது. கரட்டின் மறுபுறம் இறங்கினால் ரோடு கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் ஆற்றுக் கம்பியை ரோட்டுக் கம்பியோடு முடிச்சுப் போட்டு இணைத்துவிட்டார். மிச்சமான செம்புக் கம்பி அவருக்குப் போயிற்று. அணையில் எந்தப் பெட்டியைச் சுற்றினாலும் பேச்சு கடைசியில் அந்த ஒரே ரோட்டுக் கம்பியில்தான் வந்தாக வேண்டும். இன்ஜினியர் அறைக்குள் எதைக் கழற்றினாலும் மற்றது பேசியது அதனால்தான். மணி சேர்ந்து அடித்ததும் அதனால்தான். விழாவில் அத்தனை பேரும் கை தட்டியது இரண்டாவது லைன் இல்லை என்பதற்கு.

"அப்பறமா இழுத்துக்கலாம்னு இருந்தேனுங்க. ஒரு தேவை வருமுன்னு நெனைக்கவே இல்லீங்க. அந்தப் புள்ள செத்ததுல இருந்து தூக்கம் இல்லீங்க. அதான் மழை இருட்டுனா ரோட்டு லைனைச் சுத்திச் சுத்தி வாறேன்."

"ஒரு மனுசன் உள்ள கெடக்குறானேய்யா, அவன் கண்ணுல படலையா?" என்றான் பொன்னழகு. நக்கல் எங்கேயோ போயிருந்தது.

நாச்சிமுத்து வாய் திறக்குமுன் அடுத்த அறையில் மணி அடித்தது. மெஹராஜ் எழுந்து வந்து, நீர் விளிம்புக்கு வந்துவிட்டது, மதகைத் திறக்க ஆயத்தம் செய்கிறார்கள் என்று அணையில் சொல்வதாகச் சொன்னாள். இன்ஜினியர் ஓடிப் போய்ப் பேச வாயெடுத்தார். ஹலோ, ஹலோ என்று நாலைந்து தரம் கத்தினார். பிறகு ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எங்கேயோ ஒரு மரம் விழுந்திருக்கிறது. அல்லது ஒரு கிளை. அணை ஊமையாகிவிட்டது.

அலுவலக ஜீப் காலையிலிருந்து மலைப்பாதையில் பழுதாகி நிற்கிறது. கையூம் நாச்சிமுத்துவின் ஜீப் சாவியை மேஜையிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டார்.

"பள்ளக்குடிக்கு ஓட்டுங்க. இன்னைக்கு ரெண்டாவது லைன் நீங்கதான்."

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்கு ஏற்றிவிட்டார். ஏணிக்கும் தொரட்டிக்கும் நடுவில் பொன்னழகு தொற்றிக்கொண்டான். வேலுசாமியை விடுவிக்க ஆக வேண்டியதைப் பார்க்கக் கையூம் பின்னால் நின்றுவிட்டார்.

நாச்சிமுத்து ஓட்டிய ஓட்டம் பொன்னழகுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எரியோடு தாண்டி மண்பாதையில் இறங்கியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பள்ளக்குடியில் யாருக்கும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு தரம் பட்டவர்கள். பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். கடைசி வீட்டு வாசலில் மட்டும் ஒரு ஆள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

கண்ணுசாமி அவர்தான் என்று ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், வர மாட்டேன் என்கிறார், அவள் போன இடத்துக்கே போகிறேன் என்கிறார் என்றாள்.

பொன்னழகு போய்க் கையைப் பிடித்து இழுத்தான். ஆள் அசையவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து இரைச்சல் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது இடி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்போது நாச்சிமுத்து ஜீப்பை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கட்டிலுக்கு நேர் எதிரே நின்றார்.

"உங்க மாப்பிள்ளை தூங்கலீங்க. சேதி சொல்ல லைனே இல்லாமப் பண்ணுனவன் நானுங்க. உங்க சம்சாரம் செத்தது என்னாலதானுங்க."

கண்ணுசாமி முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் எழுந்தார். எழுந்த வேகத்தில் கட்டில் சரிந்தது. நாச்சிமுத்துவின் சட்டையைக் கழுத்தோடு பிடித்தார். நாச்சிமுத்து கையை விலக்கவில்லை. பின்பக்கமாகவே நடந்தார், மேட்டைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக. பிடித்த பிடியை விடாமல் கண்ணுசாமியும் கூடவே ஏறினார். கான்ஸ்டபிள் குறுக்கே போகப் பார்த்தபோது பொன்னழகு அவர் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினான். இரண்டு பேரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கட்டில் மிதந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

கண்ணுசாமியின் கை தானாகத் தளர்ந்தது. நாச்சிமுத்து அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கண்ணுசாமி அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பொன்னழகு பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குக் கூப்பிட்டாரா எங்க மாப்பிள்ள?"

"கூப்பிட்டாரு. ரெண்டுலயும் கூப்பிட்டாரு."

கண்ணுசாமி தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் அந்தத் துண்டும் நனைந்துதான் இருந்தது.

"கருப்பம்மா இப்ப எங்க இருக்கு?"

"டவுன் ஸ்டேசன் வாசல்ல. மத்தியானத்துல இருந்து அங்கதான் உக்காந்திருக்கு. அதுவும் சாப்பிட்டிருக்காது."

கண்ணுசாமி ஜீப்பை நோக்கி நடந்தார். ஏணியையும் தொரட்டியையும் ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வண்டிய எடுக்கச் சொல்லு தம்பி," என்றார்.